கிடந்த கிடை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, இறந்தவர்களைத் தாழிகளில் புதைத்த பழைய இடுகாடு. பெர்லினைச் சேர்ந்த டாக்டர் யாகோர் 1876-இல் அங்கே தோண்டினார். ஜில்லா கலெக்டரே உடன் இருந்தார். களவு என்று சொல்வதற்கில்லை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் வந்ததே 1878-இல்தான். ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மட்கலங்கள், இரும்புக் கத்திகள், குறுவாள்கள், கோடரிகள், மண்டையோடுகள் எல்லாம் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஆதிச்சநல்லூரின் இழப்பு என்றதும் இந்தக் கப்பலேறிய பொருள்களைத்தான் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய இழப்பு, அவை கிடந்த கிடை கலைந்தது.

1899 முதல் 1905 வரை அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீ ஒன்றைக் கவனித்து எழுதினார்: இரும்பு ஆயுதங்கள் முனை கீழே பார்க்க நின்றிருந்தன, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனதுபோல. பெயர்த்தெடுத்த வாளை எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் இது தெரியப்போவதில்லை. பழைய ஜெர்மன் ராணுவத் தோல் பெல்ட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. தயாரித்தவர் பெயரும் ஆண்டும் பல பெல்ட்டுகளின் தோலிலேயே குத்தப்பட்டிருக்கும். தாழிக் குறுவாளில் முத்திரை ஏது? அது நின்ற இடம்தான் முத்திரை.

யாகோர் கொண்டுபோகாவிட்டால் எல்லாம் துருவேறி அழிந்திருக்கும் என்பார்கள். அதே பரம்பில் இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத் தோண்டிய ரீக்கு இரும்பும் வெண்கலமும், இரு முனையிலும் துளையிட்ட மெல்லிய பொற்பட்டங்களும் கிடைத்தனவே! ரீ மட்டும் யோக்கியமா என்ற கேள்விதான் வலுவானது. அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1915-இல் வெளியான அவரது அட்டவணையிலும் பொருள்கள் உலோகவாரியாகவே பிரிந்து நிற்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முனை கீழே நின்றதை எழுதிவைத்த அந்த ஒரு வரியால் அவர் யாகோரிடமிருந்து வேறுபடுகிறார். காலக்கணக்கும் பொன்னிலிருந்து வரவில்லை. 2004-இல் தொடங்கிய அகழாய்வின் மாதிரிகளைக் கார்பன் சோதனைக்கு அனுப்பியதில்தான் கி.மு. 905, கி.மு. 696 என்ற ஆண்டுகள் 2019-இல் தெரியவந்தன. சேகரிப்பாளர் எவரும் அந்த மாதிரிகளைப் பேழையில் வைத்திருக்கமாட்டார். பெர்லினிலிருந்து பொருள்களை மீட்கக் கேட்பது நியாயம்தான். கேட்கும்போது, யாகோரின் கைக்குறிப்புகளோ பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளோ இருந்தால், அவற்றின் நகலை முதலில் கேட்க வேண்டும்.