ஒத்தைக் குழாய்

அப்பா வாங்கிய அம்பாசிடர் இன்னும் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில்தான் நிற்கிறது. மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் ஆரம்பித்த வண்டி. 2014 வரை செய்தார்கள். அதன் இன்ஜினைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. அடியில் ஓடும் பிரேக் குழாயை யாரும் குனிந்து பார்த்ததில்லை, நானும்தான்.

ஒரு ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஊருக்குள் நுழையும்போது பெடல் பொதுக்குனு தரையோடு போயிருச்சு. பின்சீட்டில் அம்மாவும் மகளும். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, கரும்புச்சாறு வண்டிக்கு ஒரு முழம் முன்னாடி நிறுத்தினேன். கை பிரேக் கம்பியில் வேலை செய்வதால் பிழைத்தோம். பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போற குழாயில் துரு, ஊசிமுனை அளவு ஓட்டை.

அந்த ஓட்டைக்கு நாலு சக்கரமும் ஏன் போகணும்? காரணம் பழசு. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் கொண்டுவந்த எண்ணெய் பிரேக், 1921இல் டூசன்பெர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் வந்தது. மிதிக்கிற அழுத்தம் எண்ணெய் வழியாக எல்லாச் சக்கரத்துக்கும் சமமாகப் போகும். (அந்தக் காலத்து பிரேக் ஆயில் பலதும் நம்ம ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்ததுதான்!) ஆனால் ஒரே சிலிண்டர், ஒரே வழி, எங்கே ஒழுகினாலும் அழுத்தம் மொத்தமும் அங்கேயே போய்விடும். ஒரு வழி ஒழுகினாலும் பிரேக் மொத்தமும் போகக்கூடாது என்று அமெரிக்கா 1968இல்தான் சட்டமாக்கியது. எங்கள் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மறுநாள் தேர் பார்க்கையில் இதுதான் மனசில் ஓடியது. சக்கரத்துக்குச் சக்கரம் முட்டுக்கட்டையோடு ஆள். ஒரு கட்டை நழுவினாலும் அடுத்த ஆள் இருக்கான். திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் கட்டைக்காரர்கள் கூடவே நடக்கிறார்கள்.

அப்புறம் காயலான் கடைகளில் அலைந்தேன். மெக்கானிக் முதலில் ஒரு மாருதியில் கழற்றிய குழாயைக் கொண்டு வந்தார். அம்பாசிடர் நட்டு அங்குலக் கணக்கு, மூணெட்டு. மாருதியோடது பத்து மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சின்னது பெரியதில் நுழைந்து பிடித்த மாதிரி நிற்கும், ஓங்கி மிதிக்கிற அன்னைக்கு மரை உருவிக்கொண்டு வரும். "டெஃப்லான் சுத்திக்கலாம் அண்ணாச்சி" என்றார். வேண்டாம்னுட்டேன். ஃபிரிட்ஜில் கழற்றிய செம்புக் குழாயும் பேச்சில் வந்தது. ஆடி ஆடி அது இறுகி வெடிக்கும், அதுவும் வேண்டாம்.

கடைசியில் பழசாக வாங்கியது ஒன்றுதான்: பின்னாளில் வந்த வண்டி ஒன்றின் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். உள்விட்டம் எங்கள் பழைய சிலிண்டரோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து எடுத்தோம். பெருசா இருந்தால் பெடல் கல்லாகிவிடும். உள்ளே ரப்பர் கப் எல்லாம் புதுசு, குழாய் எல்லாம் புது ஸ்டீல். அதை உட்கார வைக்க பட்டறையில் ஒரு பிளேட் வெட்டினோம். ஏர் எடுக்கவே ஒரு மாலை முழுக்க ஆச்சு.

சோதனைக்குத் தோட்டத்துச் சரிவுதான். பின்சக்கர நிப்பிளை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு மெதுவாக உருளவிட்டு மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் போனது. வண்டி முன்சக்கரத்திலேயே நின்றது. நிப்பிளை முறுக்கி, திரும்ப ஏர் எடுத்த பிறகுதான் அம்மாவை ஏறச் சொன்னேன். "முதல்ல நீ ரெண்டு தடவை போயிட்டு வா" என்றாள்.