தாயும் துறவியும்: தமிழ்த் திரையில் நடிகையரின் வயதும் வாய்ப்பும் (1935–1973)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரையில் முதன்மை வேடங்களில் விளங்கிய நடிகையர் வயது கூடியபோது எத்தகைய வேடங்களைப் பெற்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பி. கண்ணாம்பா, பண்டரிபாய், கே. பி. சுந்தராம்பாள், பி. பானுமதி ஆகியோரின் திரைவாழ்வு சான்றாகக் கொள்ளப்படுகிறது. தாய் வேடத்தை முடிவு செய்தது நடிகையின் வயது மட்டுமன்று, நாயக நடிகரின் திரை இளமையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: நடிகையர், முதுமை, தாய் வேடம், துறவு, தமிழ்த் திரைப்பட வரலாறு

முன்னுரை

நாயகியாக நடித்தவர் பின்னாளில் தாயாக நடிப்பதைத் திரைப்பட வரலாற்று நூல்கள் இயல்பான வளர்ச்சியாகக் கருதி, 'குணச்சித்திர நடிகை' என்ற சொல்லோடு கடந்துவிடுகின்றன. எனினும், அதே காலத்தில் நடித்த ஆண்களுக்கு அத்தகைய மாற்றம் பெரிதும் நிகழவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பது ஆராயத்தக்கது.

தாய் வேடமும் நாயகனின் வயதும்

1911இல் பிறந்த கண்ணாம்பா, 'அசோக்குமார்' (1941) படத்தில் அரசியாக முதன்மை வேடம் ஏற்றார். அப்படத்தில் எம்.ஜி.ஆர். துணை வேடத்திலேயே தோன்றினார். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'கண்ணகி' கண்ணாம்பாவுக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 'தாய்க்குப்பின் தாரம்' (1956) படத்தில் எம்.ஜி.ஆர். நாயகன், கண்ணாம்பா அவருடைய தாய். 1917இல் பிறந்த எம்.ஜி.ஆரை விட அவர் ஆறு ஆண்டுகளே மூத்தவர். இடைப்பட்ட காலத்தில் இருவருக்கும் வயது ஒரே அளவில்தான் கூடியது. ஆயினும் திரையில் ஒருவர் இளைஞரானார், மற்றவர் அன்னையானார்.

பண்டரிபாயின் நிலை இதனை மேலும் தெளிவாக்குகிறது. சிவாஜி கணேசனின் முதல் படமான 'பராசக்தி'யில் (1952) அவர் சிவாஜிக்கு இணையாக நடித்தார். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். 'தெய்வமகன்' (1969) படத்தில் சிவாஜி தந்தையாகவும் இரு மகன்களாகவும் மூன்று வேடங்களில் தோன்ற, பண்டரிபாய் அத்தந்தையின் மனைவியாகவும் அம்மகன்களின் தாயாகவும் நடித்தார். இளைய மகனின் காதலியாக நடித்தவர் 1948இல் பிறந்த ஜெயலலிதா. ஒரே படத்தில் முதுமையையும் இளமையையும் ஏற்கும் உரிமை நடிகருக்கு இருந்தது. நடிகைக்கோ முதுமை மட்டுமே எஞ்சியது. 1973இல், தம் 56ஆம் வயதில், எம்.ஜி.ஆர். 'உலகம் சுற்றும் வாலிபன்' என்னும் படத்தின் நாயகனாக விளங்கியதும் இங்கு ஒப்பிடத்தக்கது.

தாய் வேடத்தின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. 'மனோகரா'வில் (1954) கண்ணாம்பா ஏற்ற அரசித் தாயின் பாத்திரம் கதையின் உச்சத்தைத் தாங்கி நிற்கிறது. எனினும் அத்தாயின் சினம் மகனுடைய செயலின் வழியாகவே நிறைவேறுகிறது.

குரலும் துறவும்

சுந்தராம்பாளின் வழி வேறானது. நாடக மேடையில் பாடி வளர்ந்த அவர், 'நந்தனார்' (1935) படத்தில் ஆண் வேடம் ஏற்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அவருடைய முதலீடு குரல்; அது இளமையைச் சார்ந்திருக்கவில்லை. பின்னணிப் பாடகர் முறை வேரூன்றிய பின்னும், தம் குரலில் தாமே பாடி நடித்ததனால் அவருடைய இடத்தைப் பிறரால் நிரப்ப இயலவில்லை. ஆகவே 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965), 'காரைக்கால் அம்மையார்' (1973) என ஐம்பது, அறுபது வயதுகளிலும் அவருக்குச் சிறப்பிடம் வாய்த்தது.

இவ்வேடங்களுக்கிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. ஔவை திருமணத்தைத் தவிர்க்க முதுமையை வேண்டிப் பெறுகிறார்; காரைக்கால் அம்மையார் தம் இளமை வடிவத்தைத் துறக்கிறார்; கவுந்தியடிகள் சமணத் துறவி. இவ்விடத்தில் முதுமை இழப்பாகாமல் விடுதலையாகிறது. ஆனால் அதற்குரிய விலை இல்லறத்தையும் விருப்பையும் கைவிடுதலாகும். மேலும், ஔவையார், காரைக்கால் அம்மையார் ஆகிய இரு படங்களிலும் இளமைப் பகுதியை வேறு நடிகையரே ஏற்றனர்.

ஒரு விலக்கு

'சண்டிராணி' (1953) படத்தை இயக்கியவரும், கணவரோடு பரணி நிறுவனத்தை நடத்தியவருமான பானுமதி, 'அன்னை' (1962) படத்தில் வளர்ப்புத் தாயாக நடித்தார். மகனை இழக்க அஞ்சும் அப்பெண்ணின் பற்றும் பிடிவாதமுமே கதையை நகர்த்துகின்றன. தாய் வேடம் நாயகனுக்குத் துணையாக அமையாமல் தானே மையமாகவும் இயலும் என்பதற்கு இப்படம் சான்று. எனவே குறை தாய் வேடத்தில் இல்லை. அதனை எழுதிய முறையில் உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், நடிகையின் திரை வயது நாயகனின் திரை வயதோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது என்பது பெறப்படுகிறது. நாயகன் முதுமை அடையாதிருக்க, அவனைச் சூழ்ந்த பெண்கள் விரைந்து முதுமை அடைந்தனர். இதிலிருந்து விலகி நின்றவர்களுக்குக் குரலோ துறவுக் கதையோ தேவைப்பட்டது. குடும்பத்திற்குள் வாழ்ந்து, விருப்பும் முரணும் கொண்ட நடுவயதுப் பெண்ணுக்கு இவ்விரு வழிகளிலும் இடம் குறைவு. 'குணச்சித்திர நடிகை' என்னும் வகைப்பாட்டைத் திறனாய்வாளர் கலைத்தகுதியின் பெயராக மட்டும் கொள்ளாது, வாய்ப்பு மறுக்கப்பட்ட வரலாற்றின் பெயராகவும் வாசித்தல் வேண்டும்.