பொருளியல் அடிப்படைகள்: நாஞ்சில் நாட்டு நெல்வயல் வழியே

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. பொருளியலின் முதற்பாடங்கள் பலவற்றை இதன் வயல்களிலேயே கற்கலாம்.

தேவைகள் பல, வளங்கள் சில. இந்தப் பற்றாக்குறையைக் கொண்டே லயனல் ராபின்ஸ் 1932இல் பொருளியலுக்கு இலக்கணம் வகுத்தார். இங்கே பற்றாக்குறை தண்ணீருக்கு. கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகத்துக்கும் நீர் தந்தது. அணையும் கால்வாயும் மூலதனம். நிலத்துக்குரிய பங்கு பாட்டம், உழைப்புக்குரியது கூலி. இரண்டையும் நெடுங்காலம் நெல்லாகவே அளந்தார்கள்.

அளிப்பு சுருங்கினால் என்ன ஆகும் என்பதை 1942 காட்டியது. பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதை நம்பியிருந்த திருவிதாங்கூர் பஞ்சத்தில் வாடியது. அப்போது ஏழைகளுக்குக் கைகொடுத்தது மரச்சீனிக் கிழங்கு. விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. ஒன்று கிடைக்காதபோது அதன் இடத்தில் வாங்கப்படுவதைப் பதிலீட்டுப் பண்டம் என்பார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் மரச்சீனியும் மீன்குழம்பும் இன்றும் விருப்ப உணவு.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது வாய்ப்புச் செலவில். ஒரு வயலில் ஏத்தன் வாழை வைத்தால் செலவு போக 40,000 ரூபாயும், நெல்லில் ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, 15,000 ரூபாயும் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். வாழைதான் லாபம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் ஏத்தன் குலை வெட்ட ஏறத்தாழ பத்து மாதம் ஆகும். அதற்குள் இரண்டு பூவும் போய்விடும். கைவிட்ட 30,000 ரூபாயே வாழையின் வாய்ப்புச் செலவு. உண்மையான ஆதாயம் 10,000 ரூபாய்தான்.

வாழைக்குப் போன வயல் மறுபடி நெல்லுக்குத் திரும்பும். மண்ணடித்து மனையாக்கிய வயல் எளிதில் திரும்பாது. நெல்வயலில் தேங்கும் நீரால் சுற்றுவட்டக் கிணறுகள் ஊறிவந்ததும் நின்றுபோகும். பிறருக்குச் சேரும் இத்தகைய பயனைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. விற்பவரும் வாங்குபவரும் பேசும் விலையில் அது சேர்வதில்லை. அதைச் சேர்க்காமல் போடும் மனைக் கணக்கு பிழையான கணக்கு.