மொரிஸ் மைனரில் கூடுதல் மின்கருவி இணைத்தல்

மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரான கார். கொழும்பில் இன்னும் ஓடுகிறது. அதன் உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தைக் கடைகளை நாடுவோர் பலர்.

இதன் 12 வோல்ட் மின்சுற்றில் பட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ரேடியோக்கள் எதிர்முனை உடலோடு சேரும் வாகனங்களுக்கானவை. அவற்றின் உலோகக்கூடு டாஷ்போர்டில் பட்டாலே குறுக்குச்சுற்று ஏற்படலாம். ஆகவே முனையமைப்பை முதலில் உறுதிப்படுத்துவது கட்டாயம்.

அடுத்தது டைனமோவின் திறன். பிற்கால மொரிஸ்களின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும். 55 வாட் மூடுபனி விளக்குகள் இரண்டு 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். காலி வீதி நெரிசலில், வெள்ளவத்தையில் ஊர்ந்து நிற்கையில், டைனமோ அநேகமாக எதுவும் தராது. சுமை முழுவதும் பட்டரியில் விழும்.

பழைய சுவிட்சில் புதிய சுமையை ஏற்றவே கூடாது. சுவிட்ச், ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சை மட்டும் இயக்கட்டும். விளக்குக்குப் பட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனி வயர் போகட்டும். பியூஸ் பட்டரிக்கு மிக அருகில் இருக்கவேண்டும். அது காப்பது வயரை. தொலைவில் வைத்தால் இடைப்பட்ட வயர் உரசித் தீப்பற்றும்போது பயனில்லை. இத்தகைய இரு விளக்குகளுக்கு 2 சதுர மில்லிமீற்றர் வயரும் 15 அம்பியர் பியூஸும் பொருந்தும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடற்காற்று உடல் இணைப்புகளைத் துருவேற்றும். அந்த இடங்களில் பெயின்ரைச் சுரண்டி, இணைப்பை இறுக்கி, கிரீஸ் பூசவேண்டும்.