தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மதுரை

மதுரை அரசரடியில் உள்ள இக்கல்லூரி 1969-இல் உருவானது. இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் கல்லூரி செனட்டோடு இணைந்தது. இறையியலைத் தமிழிலேயே கற்பித்ததுதான் இது செய்த அடிப்படையான நீதிப்பணி என்று கொள்ளலாம். ஆங்கிலம் எட்டாத சிற்றூர் இளைஞருக்கும் உயர்படிப்பு அதனால் வாய்த்தது. மாணவர்கள் சிறிது காலம் வளாகத்துக்கு வெளியே எளியவர்களின் குடியிருப்புகளில் தங்கிப் படிப்பதும், கல்லூரியின் தலித் ஆதார மையம் ஒடுக்கப்பட்டோரின் கலைகளையும் வரலாற்றையும் ஆய்வுக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பணியின் தொடர்ச்சியே. இங்கு ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பலருக்கும் ‘பரட்டை’ அண்ணன், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ண வேண்டும் என்ற அவரது இறையியல், கொடையைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றுகிறது. உள்ளவர் இல்லாதவருக்கு இடும்போது மேல்கீழ் அப்படியே எஞ்சுகிறது; சேர்ந்து சமைத்து உண்ணவோ சாதியைக் கைவிட்டாக வேண்டும்.

இத்தகைய சமூகப்பணி வேதக்கல்வியை நீர்த்துப்போகச் செய்யும் என்பார் உண்டு. ஏழைகளை மிதித்துக்கொண்டு நடத்தும் வழிபாட்டை ஆமோஸ் தீர்க்கர் கண்டித்தது அந்த வேதத்தில்தான் இருக்கிறது. எளியவர்களிடையே மாணவர்களின் குறுகிய காலத் தங்கல் யாரையும் மாற்றிவிடாது என்ற ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிச் சுவர்கள் நிற்கும் நாட்டில், சாதியை ஏட்டில் மட்டும் படித்த போதகர் அங்குள்ள சபைக்குப் போதமாட்டார்.