வீட்டுக்குக் கண்ணாடி வாங்கப் போறீங்களா? எந்த சைஸ், எந்தச் சுவர், எப்படி மாட்டுவது... முழு விவரம்!

புது வீட்டுக்குக் குடிபோனதும் சாமி படத்துக்கு அடுத்து சுவரில் ஏறுவது பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். ஆனால் ஃபேன், டிவி வாங்கும்போது பத்து பேரிடம் விசாரிக்கும் நாம், கண்ணாடியை மட்டும் ஃபிரேம் அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். ஒரே ஆணியில் மாட்டியும் விடுகிறோம்.

அந்த ஆணி தாங்குமா? சில வீடுகளில் நடுராத்திரி 'சடார்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து, மாட்டுவது, பராமரிப்பது, உடைந்தால் அப்புறப்படுத்துவது வரை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆள் உயரக் கண்ணாடி தேவையா?

தலை முதல் கால் வரை தெரிய ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி உயரம் இருந்தாலே போதும். கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில், அதாவது கண் உயரத்தில் சரிபாதியில், கண்ணாடியின் கீழ் விளிம்பு இருந்தால் பாதம் தெரியும். கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் மேல் விளிம்பு இருந்தால் தலை தெரியும்.

5 அடி 6 அங்குலம் உயரம் உள்ளவருக்கு 2 அடி 9 அங்குலக் கண்ணாடி சரியான உயரத்தில் இருந்தால் முழு உருவமும் தெரிந்துவிடும். தள்ளி நின்றால் இன்னும் அதிகமாகத் தெரியும் என்பது பலருடைய நம்பிக்கை. சமதளக் கண்ணாடி நேராகச் சுவரில் இருக்கும்வரை, எவ்வளவு தள்ளி நின்றாலும் நம் உடம்பில் தெரியும் பகுதி மாறாது.

வீட்டில் அப்பா 5 அடி 10 அங்குலம், குழந்தை 4 அடி என்று வைத்துக்கொள்வோம். 4 அடி உயரக் கண்ணாடியைத் தரையிலிருந்து சுமார் 21 அங்குலத்தில் ஆரம்பிக்கும்படி மாட்டினால் இருவருக்குமே முழு உருவம் தெரியும். 6 அடி கண்ணாடி வாங்கும் காசும் மிச்சம், சுவருக்குப் பாரமும் குறைவு. அகலம் ஒன்றரை அடி இருந்தால் புடவை மடிப்பைச் சரிபார்க்கவும் தாராளமாக இருக்கும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தடிமன். சின்னக் கண்ணாடிக்கு 3 அல்லது 4 மி.மீ. போதும். 3 அடிக்கு மேல் போனால் 5 மி.மீ., சுவரையே நிறைக்கும் அளவு என்றால் 6 மி.மீ. கேளுங்கள். பெரிய கண்ணாடி மெல்லிசாக இருந்தால் லேசாக வளையும். உருவமும் இழுத்தாற்போலத் தெரியும்.

அடுத்து உருவம் நெளிகிறதா என்று பாருங்கள். கடையில் எரியும் டியூப் லைட் கண்ணாடியில் தெரியும்படி நின்று, தலையை மெதுவாக இடவலமாக அசைத்துப் பாருங்கள். லைட் நேர்கோடாகவே இருந்தால் நல்ல கண்ணாடி. அலை அலையாக நெளிந்தால் வேண்டாம்.

மூன்றாவது, விளிம்பும் பின்புறமும். பின்பக்கப் பெயின்ட் உரியாமல், கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே பூச்சு கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் பின்புறம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி கிடைக்குமா என்று கேளுங்கள். அது உடையாத கண்ணாடி அல்ல. ஆனால் உடைந்தாலும் சில்லுகள் பெரும்பாலும் ஃபிலிமிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதென்ன 'ரசம் போன கண்ணாடி'?

பழைய கண்ணாடியைப் பார்த்து 'ரசம் போயிடுச்சு' என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதரசத்தைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துத்தான் பூசினார்கள். 1835-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஜஸ்டஸ் வான் லீபிக், கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகு பாதரசம் மெல்ல விலகியது. இன்று பூசப்படுவது வெள்ளி அல்லது அலுமினியம். பாதரசம் போய்விட்டது, பேச்சில் மட்டும் ரசம் நிற்கிறது.

செட்டிநாட்டு வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பழம்பொருள் கடையில் தேக்கு ஃபிரேம் போட்ட பழைய கண்ணாடி வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய கண்ணாடி என்றால் பின்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, சுரண்டவோ கூடாது. அதில் பாதரசம் இருக்க வாய்ப்பு உண்டு. ஃபிரேமை வைத்துக்கொண்டு, புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டுக்கொள்வது நல்லது.

எடை எவ்வளவு? சுவர் தாங்குமா?

கண்ணாடியின் எடையை வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. அப்படியென்றால் 4 அடிக்கு 2 அடி, 5 மி.மீ. கண்ணாடி சுமார் 9 கிலோ. 6 அடிக்கு இரண்டரை அடி என்றால் 17 கிலோவைத் தாண்டும். மர ஃபிரேமின் எடை தனி. இதை ஒரே ஆணியில், அதுவும் சிமென்ட் பூச்சில் மட்டும் இறங்கிய ஆணியில் தொங்கவிடுவதுதான் ஆபத்து.

சுவர் எந்த வகை என்பதை டிரில் போடும்போது விழும் தூளே சொல்லிவிடும். சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு டிரில் இறங்க மறுத்தால் கான்கிரீட். திடீரென உள்ளே வெற்றிடத்தில் இறங்கினால் ஹாலோ பிளாக். பூச்சைத் தாண்டியதும் மாவு போல வெளிறிய தூள் கொட்டினால், இப்போது அபார்ட்மென்ட்களில் அதிகம் பயன்படுத்தப்படும் ஏ.ஏ.சி. பிளாக்.

செங்கல், கான்கிரீட் சுவருக்கு வழக்கமான பிளக்கும் ஸ்குரூவும் போதும். பிளக் பூச்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பது முக்கியம். ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. சுவருக்கு அதற்கென்றே பிளக் இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் சுவர் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஏ.ஏ.சி. சுவரில் டிரில்லை ஹேமர் மோடில் போடக் கூடாது. ஓட்டை பெரிதாகிப் பிளக் பிடிக்காது.

மாட்டும்போது செய்யக் கூடாத 5 தவறுகள்

1. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ டிரில் போடாதீர்கள். ஒயர் செல்லும் பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் இருக்கும். பாத்ரூமில் குழாய்க்கும் ஷவருக்கும் இதே கதைதான்.

2. கண்ணாடியில் ஓட்டை போட்டு ஸ்குரூ முடுக்கும் முறை என்றால், நடுவில் ரப்பர் வாஷர் கட்டாயம். இறுக்கி முடுக்கினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்து ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

3. ஒட்டுவதாக இருந்தால் சாதாரண சிலிகான் வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானில் வரும் அமிலம் பின்புறப் பூச்சை அரித்துவிடும். 'நியூட்ரல்' சிலிகான் அல்லது கண்ணாடிக்கென்று விற்கும் பசையைக் கேளுங்கள். அதை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இட்டு, பசை காயும் வரை அடியில் முட்டுக்கொடுங்கள்.

4. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் அடித்த சுவரில் டபுள் சைட் டேப்பை நம்பாதீர்கள். டேப் உறுதியாகத்தான் இருக்கும், பெயின்ட் உரிந்து கண்ணாடியோடு வந்துவிடும்.

5. கண் அளவை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் போனில் இருக்கும் லெவல் ஆப் போதும்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று ஹவுஸ் ஓனர் கறாராகச் சொல்லிவிட்டால், சுவரில் சாய்த்து வைக்கும் நிலைக்கண்ணாடிதான் பலருக்கும் கைகொடுக்கிறது. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் சும்மா சாய்த்து வைப்பது பெரிய ஆபத்து. குழந்தை ஃபிரேமைப் பிடித்து எழுந்து நின்றால், 15 கிலோ கண்ணாடி அதன் மேலேயே சாயும்.

அடியில் வழுக்காத ரப்பர் வையுங்கள். மேல்பகுதியை இரண்டு இடத்தில் சுவரோடு ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்கள். அதற்கு இரண்டு சின்ன ஓட்டை போட ஓனரிடம் கேட்டே ஆக வேண்டும். காலி செய்யும்போது அடைத்துத் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அதற்கும் வழியில்லை என்றால் பீரோ கதவிலேயே பதித்த கண்ணாடி பாதுகாப்பானது.

எந்த இடத்தில் வைத்தால் அழகு?

கண்ணாடி புதிதாக வெளிச்சத்தைத் தராது, வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் ஜன்னலுக்கு நேர் எதிரே வைப்பதைவிட, ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் வைத்தால் கண் கூசாமல் அறைக்குள் வெளிச்சம் பரவும். மேற்கு வெயில் நேராக விழும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலை வீட்டுக்குள் இரண்டு மடங்காக இழுத்த மாதிரி ஆகிவிடும்.

மாட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த இடத்தில் ஒருவரைக் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். ஊஞ்சலோ செடியோ குத்துவிளக்கோ தெரிந்தால் நல்ல இடம். செருப்பு ஸ்டாண்டும் துணி மூட்டையும் தெரிந்தால் அவை இரண்டாகிவிடும். இரவில் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். ஜன்னல் வழியாக, படுக்கையறை கண்ணாடியில் தெரிகிறதா என்பதையும் சோதித்துவிடலாம்.

வாஸ்து பார்ப்பவர்கள் வடக்கு, கிழக்குச் சுவரில் மாட்டலாம், கட்டிலுக்கு எதிரே கூடாது என்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கட்டிலுக்கு எதிரே வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கும்போது இருட்டில் எதிரே ஓர் உருவம் அசைந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

பால்கனியில் கண்ணாடி வைத்தால் குருவிகள் வந்து கொத்தலாம். தன் உருவத்தையே வேறு குருவி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அவை தொல்லைப்படாமல் இருக்க, துணி போட்டு மூடிவிடுங்கள்.

ஷேவிங், மேக்கப்புக்குப் பயன்படும், முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியை ஜன்னலோரம் வெயிலில் வைக்கவே கூடாது. அது குழிஆடி. வெயிலை ஒரே புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக்கும். 2013-ல் லண்டனில் உட்குழிந்த முகப்பு கொண்ட ஒரு கண்ணாடிக் கட்டடம் இப்படி வெயிலைக் குவித்ததில், தெருவில் நின்ற காரின் பாகங்களே உருகின.

பராமரிப்பு... உடைந்தால்?

கிளீனரைக் கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள். வழிந்து கீழ் விளிம்புக்குள் போனால் பூச்சு கெடும். துணியில் அடித்துத் துடையுங்கள். பாத்ரூம் தரைக்கு ஆசிட் ஊற்றினால் அந்தப் புகையும் கண்ணாடிக்கு ஆகாது. பல வருஷமாக ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்சம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும். சுடுதண்ணீர்க் குளியலில் ஆவி படியாமல் இருக்க, துளி ஷேவிங் ஃபோம் தடவி, காய்ந்த துணியால் தெளிவாகும் வரை துடைத்துவிடுங்கள்.

விரிசல் விட்ட கண்ணாடியை டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்டுவிடலாம். செருப்பு போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளைத் தடிமனான துணியால் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூளை ஈர நியூஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள்.

பிறகு அதைக் குப்பைக் கவரில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிதாக 'உடைந்த கண்ணாடி' என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். அந்தக் கவரைக் கையால் பிரிப்பவர் அவர்தான். நமக்கு இரண்டு நிமிஷ வேலை, அவருக்கோ கையில் தையல் போடுவதிலிருந்து தப்பிக்கும் விஷயம்.