கொள்ளைநோயும் கடவுளின் நீதியும்: ரிச்சர்ட்ஸ் டவுன் வட்டாரத்தின் ஒரு சிந்தனை வரலாறு

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் இன்று மரநிழலுக்கும் பழைய பங்களாக்களுக்கும் தேவாலயங்களுக்கும் பெயர்பெற்ற பகுதி. பூங்காவைச் சுற்றி நடப்பவர்களுக்கு, இந்தக் குடியிருப்புகள் ஒரு பேரச்சத்திலிருந்து பிறந்தவை என்பது எளிதில் தோன்றாது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. அதன் விளைவாகத் தண்டு எனப்பட்ட கண்டோன்மென்ட் பகுதியின் நெருக்கமான தெருக்களை விட்டு வடக்கிலும் கிழக்கிலும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. 1910 வாக்கில் உருப்பெற்ற பிரேசர் டவுன் அவற்றுள் முன்னோடி. ரிச்சர்ட்ஸ் டவுனும் குக் டவுனும் அதே வட்டாரத்தில் அதே முறையைப் பின்தொடர்ந்தவை. அகன்ற தெருக்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி, பின்புறத்தில் துப்புரவுச் சந்து, எலி வளை தோண்ட இடம் தராத கட்டுமானம் என்னும் இந்த முறையை வகுத்த பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் புகாத நகரமைப்பு பற்றி 1914இல் தனி நூலே எழுதினார்.

அந்த நூலில் கடவுளுக்கு வேலையில்லை. துன்பம் ஏன் வந்தது என்ற வினாவுக்கு அது தரும் விடை எலி. இது அற்பமான விடையன்று. பல்லாயிரம் உயிர்களைக் காத்த விடை. ஆனால் 1898இல் அந்த விடையும் யாரிடமும் உறுதியாக இருக்கவில்லை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை அதே ஆண்டில் கராச்சியில் பால்-லூயி சிமோன் கண்டுரைத்தார். மருத்துவ உலகம் அதை ஏற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அரசு அறிந்த மருந்து அழுக்கை ஒழிப்பது. வீட்டுக் கூரையைப் பிரித்தார்கள், பண்டங்களை எரித்தார்கள், நோயுற்றவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இத்தகைய நடவடிக்கைகள் மக்களிடம் எவ்வளவு வெறுப்பை விளைவித்தன என்பதற்கு, 1897 ஜூனில் பூனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதே சான்று.

ஆகவே நோய்வாய்ப்பட்டவனுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். காரணம் தெரியாமல் வீட்டை இடிக்கும் அரசு ஒருவர். காரணம் கேட்டால் பல்வேறு விடைகள் தரும் சமயம் மற்றவர். தண்டில் வாழ்ந்தோரில் தமிழர் மிகப் பலர். 1809இல் ராணுவ நிலையம் அமைந்ததிலிருந்து சேலம், வட ஆற்காடு, சென்னைப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சிப்பாய்கள், வணிகர், கொத்தனார், சமையற்காரர், தோல் தொழிலாளர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தம் ஊர்த் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தவர்கள்.

பெங்களூரின் பல பகுதிகளில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன; இன்றும் சில உள்ளன. மாரி வழிபாட்டின் உள்ளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. நோயைத் தருபவளும் அவளே, இறக்குபவளும் அவளே. அம்மை கண்டவர் உடலில் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள் என்பது வழக்கு. நோயுற்ற உடல் பாவத்தின் சின்னம் என்று இங்கே ஒதுக்கப்படுவதில்லை. வேப்பிலை சார்த்தி மரியாதை செய்யப்படுகிறது. நன்மையே உருவான கடவுள் தீமையை ஏன் அனுமதித்தார் என்ற வினா இந்த வழிபாட்டுக்குள் எழுவதேயில்லை. ஏனெனில் அவள் நன்மை மட்டுமே உருவானவள் என்று எவரும் சொல்லவில்லை. அவள் தாய். சினப்பாள், குளிர்வாள். சினத்துக்குக் காரணம் தேடுவதைவிடக் குளிர்விப்பதே முதல் வேலை. வினாவுக்கு இது விடையன்று என்று மெய்யியல் மாணவர் கூறலாம். ஆயினும் நோயாளியைக் குற்றவாளி ஆக்காத ஏற்பாடு என்ற அளவில், பின்னால் வரும் பல நுட்பமான விடைகளைவிட இது இரக்கம் மிகுந்தது.

அதே தண்டில், அன்று பிளாக்பள்ளி எனப்பட்டு இன்று சிவாஜிநகர் ஆன இடத்தில், புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது. 1898இன் கொள்ளைநோயில் அன்னையே காத்தாள் என்ற நம்பிக்கை அங்கே ஆழ வேரூன்றியது. செப்டம்பர் 8 அன்று நிறைவுறும் ஆரோக்கிய அன்னை பெருவிழாவில் காவியுடுத்தி வருவோரில் கிறித்தவரல்லாதாரும் திரளாக உள்ளனர். மாரியும் மரியும் ஒலியால் நெருங்கியவர்கள். வேண்டுதல் முறையாலும் நெருங்கியவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. மரியன்னை நோயைத் தருவதில்லை, போக்க மட்டுமே செய்கிறாள். அப்படியானால் தந்தவர் யார் என்ற வினா திறந்தபடியே நிற்கிறது. மாரியிடம் எழாத வினா மரியிடம் வந்ததும் எழுந்துவிடுகிறது. நன்மையை மட்டும் உடைய இறைமை என்ற கருத்து உள்ளே வந்த கணத்திலேயே தீமைக்கு வேறொரு முகவரி தேட வேண்டியதாகிறது.

இந்த ஆலயத்தின் தொடக்க வரலாற்றோடு தொடர்புடைய பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் நாட்டில் அம்மைத் தடுப்பூசியைப் பரப்பியவர் என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். செபமாலையும் ஊசியும் ஒரே கையில் இருந்தன. சமயம் ஒருபுறம், அறிவியல் மறுபுறம் என்று பிரித்துக் கதை சொல்வோருக்கு அவர் வசதியான பாத்திரம் அல்லர்.

வேறு முகவரி தேடும் பணியைத் தமிழ்ச் சைவம் 13ஆம் நூற்றாண்டிலேயே முறையாகச் செய்து முடித்திருந்தது. அதற்கும் முன்பே பிரம்மசூத்திரம் (2.1.34) இந்த வழக்கை இரண்டே குற்றச்சாட்டுகளாகச் சுருக்கியிருந்தது: படைத்தவனுக்குப் பாரபட்சம் உண்டு, இரக்கம் இல்லை. சங்கரர் உரையில் வரும் விடை மழை உவமை. மழை எல்லா நிலத்திலும் ஒன்றாகவே பெய்கிறது. நெல்லாவதும் வேறு பயிராவதும் விதையின் வேறுபாடு. அந்த விதை வினை. முதல் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது அனாதி, தொடக்கமற்றது என்று அடுத்த சூத்திரம் கதவை அடைக்கிறது.

மெய்கண்டார் மரபு இதை ஏற்றும் இதில் நிறைவடையவில்லை. வினைக்கும் அடியில் ஆணவம் என்ற மலத்தை அது வைக்கிறது. செம்பில் களிம்புபோல், நெல்லில் உமிபோல் உயிரை என்றுமே பற்றியிருப்பது ஆணவம். இறைவன் அதைப் படைக்கவில்லை. இங்கே ஒப்பிடத்தக்கவர் அகஸ்டின். தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்று அவர் கூறினார். சித்தாந்தம் இதற்கு நேர் எதிர்: ஆணவம் அறிவின் இன்மை அன்று, உள்பொருள். கண்ணை மறைக்கும் இருளைக்கூட ஒளியின் இன்மை என்று அது ஒப்புவதில்லை. துன்பத்தில் கிடப்பவரிடம் ‘உன் துன்பம் உண்மையில் ஒரு குறைவு மட்டுமே’ என்று சொல்லத் தயங்கும் மரபு இது. இன்னொரு துணிவும் அதற்கு உண்டு. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருளே. துன்பம் தருவது மறக்கருணை; மலம் பக்குவப்படுவதற்கான சிகிச்சை. தாய் கசப்பு மருந்தைப் புகட்டுவதுபோல.

விளக்கம் கட்டுக்கோப்பானதுதான். ஆனால் மருந்தின் அளவை யார் பார்த்தார்கள்? பிளேக்குக்கு 20 ஆண்டுகளுக்கு முன், 1876–78இன் தாது வருடப் பஞ்சம் இந்த வினாவைத் தென்னிந்தியா முழுவதற்கும் எழுப்பிவிட்டிருந்தது. மைசூர் நாட்டின் மக்கள்தொகை 1871இல் 50 லட்சத்துக்கும் மேல். 1881இல் ஏறத்தாழ 42 லட்சம். தமிழ் மாவட்டங்களிலிருந்து பசியோடு ஊர் பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் தண்டை நோக்கி வந்தனர். அரசுத் தரப்பிலும் ஒரு ‘இறையியல்’ இருந்தது: சந்தை விதியில் தலையிடலாகாது. ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று வரையறுத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். விதியின்பேரில் மனிதரைச் சாகவிடும் வழக்கத்துக்குக் காவியாடை கட்டாயமில்லை. பொருளியலும் அதைச் செய்யும்.

வினைக்கொள்கை இங்கே எப்படித் தவறாகப் பயன்படக்கூடும் என்பதை முன்னரே கண்டவர் வடலூர் ராமலிங்க அடிகள். 1867இல் தருமசாலையைத் தொடங்கிய அவர், ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் ஒரு தடையை எழுப்பிக்கொள்கிறார். பசித்தவர் முன்வினையால், கடவுள் ஆணைப்படி துன்புறுகிறார் என்றால், அவருக்குச் சோறிடுவது கடவுள் ஆணையை மீறுவதாகாதா? அவரது மறுமொழி சிறைச்சாலையிலிருந்து வருகிறது. பெருங்குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான். தண்டனைக்குள் பட்டினி அடங்காது. வேலையிலிருந்து நீக்கப்பட்டு அலைபவருக்கு இரக்கமுள்ள குடும்பத்தார் உணவளித்தால் அரசன் மகிழ்வானேயன்றிச் சினக்க மாட்டான். வினைக்கொள்கையை அவர் கைவிடவில்லை. அதைச் சாக்காகக் காட்டும் வாசலை மட்டும் அடைக்கிறார். தமிழில் இப்பொருள் பற்றி எழுந்த வாதங்களுள் மிகப் பயனுடையது இதுவே என்று துணிந்து கூறலாம். அடுப்போடு சேர்த்து எழுதப்பட்ட வாதம் அது. பஞ்சம் முற்றுமுன், 1874இல், அடிகள் மறைந்தார், அடுப்பு அணையவில்லை. அதே பஞ்சத்தில் மாயூரத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோருக்கு உணவளித்தவர் கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை. அவரைப் பாடியவர் சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார். இறையியல் இருவருக்கும் வேறு, சோறு ஒன்று.

பிளேக் ஆண்டுகளின் முடிவில் இவ்வழக்கு கல்லூரிக்குள் நுழைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக், கருமமும் மீட்பும் பற்றி எழுதிய கட்டுரைகளை 1909இல் நூலாக்கினார். வினைக்கொள்கை உலகத்தை ஒரு நீதிமன்றமாக ஆக்குகிறது. நீதிமன்றத்தைவிட ஆழமானது அறவுலகம். அதில் ஒருவர் தமக்கு உரியதல்லாத துன்பத்தையும் பிறர்பொருட்டு ஏற்க இயலும் என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். எள்ளலின்றி எழுதப்பட்ட விமர்சனம் அது. அவரிடம் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேதாந்தத்துக்கு அறநெறி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகத் தம் முதுகலை ஆய்வேட்டை 1908இல் வெளியிட்டார். ஆசிரியரின் வினா மாணவரின் வாழ்நாள் பணியாயிற்று.

1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி தோன்றியது. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அண்மையிலுள்ள பென்சன் டவுனில் அமைந்த அவ்வளாகத்தில் தமிழ்த் திருச்சபைகளின் மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுள்ளனர். சுற்றிலும் எலி புகாத தெருக்கள் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் அங்கே யோபு நூல் பாடமாக நடந்தது என்பது தற்செயலே. ஆனாலும் மறக்க முடியாத தற்செயல். யோபுவின் நண்பர்கள் கூறியது ஏறத்தாழ வினைக்கொள்கையே: துன்புறுகிறாய், ஆகவே குற்றம் செய்திருக்கிறாய். நூலின் இறுதியில் கடவுள் சினப்பது, தம்மைக் குறைகூறிய யோபுவின்மேல் அன்று. தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல்.

அந்த நண்பர்களின் குரல் எதிர்பாராத இடத்திலிருந்தும் ஒலித்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிலநடுக்கம். ஒன்பது நாள்களுக்குப் பின், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்றார். தாகூர் கடுமையாக மறுத்தார்: இடிபாட்டில் இறந்தோரில் தீண்டாமைக்கு இரையானோரும் இருந்தனரே, இயற்கை நிகழ்வை அறத்தோடு இப்படிப் பிணைத்தால், எதிர்த்தரப்பும் அதே நிலநடுக்கத்தைத் தன் பக்கம் சாட்சிக்கு அழைக்குமே. காந்தியின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் வாதத்தில் வென்றவர் தாகூரே. லிஸ்பன் நகரை 1755இல் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் வால்டேர் எழுப்பிய வினாவும் இதுவே. 2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்களைப் பற்றியும் இதே வினாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஆலயம் தப்பியது அற்புதம் என்று பேசப்பட்டது. கரையில் இறந்தவர்களை அந்தப் பேச்சில் எங்கே வைப்பது என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ரெடம்ப்டரிஸ்ட் சபையாரின் தூய ஆவி ஆலயம் உள்ளது. இச்சபையிடம் 1866இல் ஒப்படைக்கப்பட்ட இடைவிடா சகாய அன்னையின் படம் உலகெங்கும் பரவியது. குழந்தை இயேசு, வருங்காலப் பாடுகளின் கருவிகளை ஏந்திவரும் வானதூதரைக் கண்டு அஞ்சி, தாயின் கையைப் பற்றிக்கொள்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு காலணி கழன்று தொங்குகிறது. கடவுளே அஞ்சுகிறார் என்று ஓவியம் வரைவதற்குச் சைவம் உடன்படாது. நஞ்சை உண்டும் துன்புறாத நீலகண்டனே அதன் படிமம். அஞ்சி ஓடியவர்கள் அங்கே தேவர்கள். ஏற்றுக்கொள்பவன் துன்புற வேண்டுமா, துன்புறாமல் தாங்க வேண்டுமா என்பதில் இரு மரபுகளும் பிரிகின்றன. அந்தப் பிரிவை மழுப்பிச் சமரசம் பேசுவது இரண்டுக்கும் மரியாதை ஆகாது.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், பிளேக் மாரியம்மன் கோயிலை ஏற்கெனவே உடைய கோயம்புத்தூரில், இருகூரிலுள்ள காமாட்சிபுரி ஆதீனம் கருங்கல்லில் கொரோனா தேவியை நிறுவியது. 48 நாள் யாகம் தொடங்கிற்று. தொற்றுப் பரவும் என்பதால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை.